மலே பயம்

ஃபாம்சாஜ் மாமியிடம் யாரும் 'அப்பப்போ' என்ற சொல்லைச் சொல்லிவிடக் கூடாது. மோக்கா டாக்டர் ஒருமுறை தெரியாமல் சொல்லிவிட்டார். அப்பப்போ பப்பாளி சாப்பிடுங்கள், வயிற்றுக்கு நல்லது என்று. மாமி நாற்காலியை விட்டு எழவில்லை. எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் காய்ச்சல் தானாகவே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கடைசியில் செவ்வாயும் சனியும், காலை டீக்கு முன்னால், என்று டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மாமி தன் பையைத் தூக்கினார். அதற்கப்புறம் எந்தச் செவ்வாயும் எந்தச் சனியும் தப்பவில்லை. பப்பாளி கிடைக்காத நாளில் டீயே குடிக்கமாட்டார்.

ஃபாம்சாஜ் என்றால் எங்கள் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் மருத்துவச்சி. எங்கள் ஊர் லெ பூஸ் மலையின் மோக்காப் பக்கத்து அடிவாரம். முன்னால் கரும்பு, பின்னால் மலை, நடுவில் நாங்கள். என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் பூமியில் முதலில் பார்த்த முகம் மாமியுடையது. அம்மா முகம் இரண்டாவது. அதனால் மாமி ஊரில் ஒருவரையும் மதிப்பதில்லை. தபால்காரரோ, கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கும் சர்தாரோ, கோயில் தலைவரோ, யாராவது குரலை உயர்த்தினால், "தலைகீழா வந்தவன்தானே நீ" என்பார். குரல் தானாக இறங்கிவிடும்.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் க்ரியோல். இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுத எழுத, மாமி என் தோளுக்குப் பின்னால் நின்று 'நான் இப்படியா சொன்னேன்?' என்று கேட்பது போலவே இருக்கிறது. ஏனென்றால் சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும் அவருக்கு. மருந்து விஷயத்தில் முக்கியமாக. விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன் என்ற சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகத் தன் பையிலேயே ஒரு ஸ்பூன் வைத்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள் ஒரே இருமல் மருந்தைப் பங்கு போட்டுக் குடித்தார்கள் என்று தெரிந்தபோது, அந்த வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார்: "இருமல் ஒண்ணா இருக்கலாம். இருமுறவளும் ஒண்ணா?" அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகக் கேவலமான வசவு 'அடுத்தவ மருந்தைக் குடிச்சவ' என்பதுதான்.

பிறகு அந்தப் பெரிய புயல் வந்தது.

அந்த வருஷம் ஒன்று போதாதென்று இரண்டு வந்தன. இரண்டுக்கும் பெண் பெயர். இரண்டாவதன்போது மாமி எஸ்டேட் குடியிருப்பில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். நடுவில் காற்று ஓய்ந்து வானம் வெளுத்தது. குழந்தை அப்போதுதான் பிறந்தது. எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். காற்று மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது. சுவர் சாய்ந்தது, தகரக் கூரை மடிந்து மேலே விழுந்தது. தாயையும் குழந்தையையும் மறைத்து மாமி கவிழ்ந்து படுத்துக்கொண்டார். தோண்டி எடுத்தபோது குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. தாய் பிழைக்கவில்லை. மாமியின் காது மேல் தகரம் அழுந்தியிருக்க, அதன் மேல் மழை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் அப்புறம் பேசியதே இல்லை.

ஆனால் முதல் துளி தகரத்தில் விழுந்ததும் மாமி மேசைக்கு அடியில் போய்விடுவார். மோக்காப் பக்கம் மழை பெய்யாத வாரம் கிடையாது. எனவே அங்கேயே ஒரு தலையணையும் தண்ணீர்ச் செம்பும் வைத்துக்கொண்டார். மழை நாளில் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேசையின் மேல் தட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். பதிலும் கீழிருந்து வரும், வழக்கமான அதிகாரத்தோடு. கையை மட்டும் நீட்டி பையிலிருந்து மருந்தெடுத்துக் கொடுப்பார். வெளியே மட்டும் வரமாட்டார். பிள்ளைகளோ வெயில் பார்த்துப் பிறப்பவர்கள் அல்ல. அப்படி ஒரு மழை நாளில், மாமி வராததால், ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கரும்பு வண்டியிலேயே பிறந்துவிட்டான். அவனை ஊரில் இன்றுவரை 'சாரேத்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்; வண்டி என்று அர்த்தம். மாமிக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தால் முகம் சுருங்கும். சுகாதார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து, பண்பாகத்தான், சொல்லிவிட்டுப் போனார்: இன்னொரு அழைப்பு தவறினால் இந்த வட்டாரத்தை வேறொரு மருத்துவச்சிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பிரசவம் பார்க்காத மாமியை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாமியாலும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குருக்கள் வந்து சேர்ந்தார். இளம் வயது. கணீரென்ற தமிழ். க்ரியோல் ஒரு வார்த்தை தெரியாது. மாமி யாரையும் துணைக்கு அழைக்காமல், தன் சொந்தத் தமிழை எடுத்துக்கொண்டு தனியே அவரைப் பார்க்கப் போனார். அந்தத் தமிழில் அரோகரா இருந்தது, விபூதி இருந்தது, வேணும், வேணாம், போச்சு, பயம் எல்லாம் இருந்தன. வாக்கியம்தான் இல்லை.

"சாமி, மலே பயம். பெரிய பயம். மலே பாத்தா கால் இல்லே."

குருக்கள் மாமியைப் பார்த்தார். மாமிக்குப் பின்னால், கோயில் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற லெ பூஸ் மலையைப் பார்த்தார். பாவம், இதன் அடியிலேயே குடியிருக்கிறாளே என்று அவருக்கு மனசு இளகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மலை ஏறுங்கள், முடிந்தமட்டும் ஏறி முருகா என்று சொல்லிவிட்டு இறங்குங்கள், உச்சியைத் தொட்டால் பயம் போய்விடும் என்று, கையாலும் காலாலும் ஏறிக் காட்டிச் சொன்னார். கிழமை உண்டு, செய்ய வேண்டியது உண்டு, எதுவரை என்றும் உண்டு. அப்பப்போ இல்லை. மாமி வாழ்நாளில் இத்தனை ஒழுங்கான மருந்துச்சீட்டைக் கண்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெள்ளை யூனிஃபார்ம், வைக்கோல் தொப்பி, காலமான கணவரின் பூட்ஸ் ஆகியவற்றோடு மாமி கரும்பு வழியே நடந்து போனதை நான் பார்த்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. காலையில் பயிற்சி ஆசிரியன், மாலையில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, மற்ற நேரத்தில் எதையாவது செய்யாவிட்டால் தலை வெடித்துவிடும் என்கிற நிலை. எங்கே மாமி என்றேன். மருந்து சாப்பிட என்றார். நானும் கூடப் போனேன்.

லெ பூஸ் என்றால் பிரெஞ்சில் கட்டைவிரல். உச்சி அப்படித்தான் துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் க்ரியோலில் 'பூஸ்' என்றால் தள்ளு. மருத்துவச்சி பிரசவ வலியில் இருப்பவளைப் பார்த்துக் கத்துகிற அதே பூஸ். கரும்பு வெட்டுகிறவர்கள் விடுவார்களா? "மாமி, மலைக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்கள். "உன்னை மாதிரிக் குறைமாசம்" என்றார் மாமி, திரும்பிப் பார்க்காமல்.

முதல் வெள்ளிக்கிழமை பாதி வழியில் ஒரு தூறல் வந்தது. மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். நகக்குறி வெகுநாள் இருந்தது. அப்புறம் என்னை விட்டுவிட்டு ஓடினார். இறங்குவதற்கு அவருக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் இன்னும் சற்று மேலே. அதற்கடுத்த வாரம் அதற்கும் மேலே. அந்த மலையில் தூறல் இல்லாத நாள் அபூர்வம். ஆனால் சீட்டில் மழை வந்தால் வேண்டாம் என்று எழுதவில்லையே. எனவே மாமி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடுங்கிக்கொண்டு, முனகிக்கொண்டு, மலையைத் திட்டிக்கொண்டு ஏறினார்.

சீனக் கொய்யா பழுத்துப் புதரெல்லாம் சிவந்து கிடந்த காலத்தில் ஒரு நாள், ஓட நேரமில்லாமல் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. மாமி அப்படியே குத்துக்காலிட்டு, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் தொப்பி விளிம்பிலிருந்து ஒழுகிற்று. வெகுநேரம் கழித்து ஒரு கையை எடுத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, தேடுவது போல.

"வீட்டுல மழை பெஞ்சா கூரை இருக்கு விழுறதுக்கு," என்றார். "இங்க என்ன இருக்கு விழ? நான்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு ஒரு கொய்யாவைப் பறித்துத் தின்றார். அன்றுதான் மாமி சிரித்துப் பார்த்தேன், புயலுக்கு அப்புறம்.

அதன்பின் வேகம் பிடித்தது. மேலே மழை பெய்தால் மாமி தொப்பியைக் கழற்றுவார். வீட்டில் இன்னமும் மேசைதான், ஆனால் தலை வெளியே தெரிய ஆரம்பித்தது. பிறகு வாசல்வரை வந்தார். வருஷக் கடைசியில் உச்சியின் கட்டைவிரல் நகத்தில் நின்று, அந்தப் பக்கம் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக் கப்பல்களை எல்லாம் ஒருமுறை முறைத்துவிட்டு, முருகா என்றார். அதே வாரம் தூறலில் நடந்துபோய் பக்கத்து வீட்டில் ஒரு பிரசவம் பார்த்தார். ஊரே மூச்சு விட்டது.

இங்கேதான் நான் என் குறில் நெடில் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் தமிழுக்குக் குறில் நெடில் பேதம் கிடையாது, ழகரம் கிடையாது. சாமிக்குப் போடும் மாலை, ஏறுகிற மலை, பெய்கிற மழை, எல்லாமே 'மலே'. இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன். ழகரத்துக்கு நாக்கை எங்கே வைப்பது என்று கேட்பதற்காக வாரம் தவறாமல் குருக்களிடம் போவேன். அப்படிப் போன ஒரு நாள் அவர் விசாரித்தார்: "அந்த அம்மாவுக்கு இப்போ மலைன்னா பயம் போயிடுத்தோ?"

மலையா, மாமிக்கு மழை அல்லவா பயம் என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. குருக்களுக்கு வரவில்லை. மழைக்குப் பயந்தவளை மாதக்கணக்கில் மழையில் ஏற்றியிருக்கிறேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். குணமாகி வருகிறது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். வேண்டுதல் விஷயத்தில் தப்பு நடந்தால் மறைக்கக் கூடாது, சொல்லியே ஆக வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே மாமி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மொழிபெயர்க்க நான்.

"அம்மா, நீங்க மழைன்னு சொன்னேள். நான் மலைன்னு கேட்டுட்டேன்."

மாமி என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு? நான் மலேன்னு சொன்னேனாம், அவரு மலேன்னு கேட்டாராம். சரியாத்தானே கேட்டிருக்காரு?"

குருக்கள் மறுபடியும் சொன்னார், ழகரத்தை அழுத்தி. மாமி அவரை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கு எங்கே போகிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பார்த்தும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் க்ரியோலில் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று லாப்ளி, மழை. இன்னொன்று மோந்தாங், மலை.

மாமி விளக்கைக் கீழே வைத்தார். குருக்கள் கொடுத்தது எந்த நோய்க்கு மருந்து என்று கேட்டார். மலை பயத்துக்கு என்றேன். எனக்கு அந்த நோயே இல்லையே என்றார். அதற்கு நானும் குருக்களும் மாற்றி மாற்றி என்னென்னவோ சொன்னோம். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நாங்கள் கிளம்பும்போது சொன்னார், தனக்குத்தானே சொல்வது போல: "அடுத்தவ மருந்தைக் குடிச்சிருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை மாமி மலைக்குப் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. மழைக்கான சரியான மருந்து எங்கே என்று குருக்களைக் கேட்க, பாவம் அவர், மழை வரும்போது வீட்டில் உட்கார்ந்து நூற்றெட்டு முறை முருகா சொல்லுங்கள் என்றார். மாமி உட்கார்ந்தார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் எண்ணிக்கை தப்பும். தப்பினால் மாமி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி தப்பும். நாலு மழைக்குள் தலையணையும் செம்பும் மேசைக்கு அடியில் திரும்பிவிட்டன.

ஜனவரியில் ஒரு விடுமுறை நாள் காலை, வானமே அவிழ்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் மேசையைத் தட்டி மாமியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாகச் சேறு வழிய ஒருவன் வந்து நின்றான். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிய துறைமுகத் தொழிலாளி. மலைக்கு அந்தப் பக்கம், போர்ட் லூயிஸ் ஓரத்தில், நம் தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய ட்ராங்கேபார் பேட்டையில் குடியிருப்பவன். மனைவிக்கு வலி கண்டுவிட்டது, முதல் பிள்ளை. ஓடை பெருகி அவர்கள் சந்துக்கும் நகரத்துக்கும் நடுவே ஆறாக ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மலை ஒன்றுதான் திறந்திருந்தது. அதைத் தாண்டி வந்திருக்கிறான். அவள் மாமி, மாமி என்றுதான் அழுகிறாளாம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

"தம்பி," என்றது கீழிருந்து குரல். "குருக்கள் முதல்ல கொடுத்தது எதுக்கு மருந்து?"

"மலைக்கு, மாமி."

"முழுசாச் சாப்பிட்டேனா?"

"உச்சி வரைக்கும் சாப்பிட்டீங்க."

"ரோட்டு வழியாப் போறதுன்னா எனக்கு மருந்து இல்ல. மலைக்கு இருக்கு." முதலில் பை வெளியே வந்தது, பிறகு மாமி. "பூட்ஸ் எங்க?"

பின்வேலியைத் தாண்டினால் மலைதான். மாமி அந்த முற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. சரிவு ஆரம்பித்ததும் சட்டையை விட்டார். கொய்யாப் புதர்களுக்கு மேலே எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. மாமி திரும்பி, கப்பல் மூட்டை தூக்குகிறவனுக்கு இந்தப் பஞ்சுக் காலை யார் கொடுத்தது என்று அந்தத் தொழிலாளியைத் திட்டினார். நான் மாமி பையைச் சுமந்துகொண்டு பின்னால் வழுக்கி வழுக்கி இறங்கினேன்.

வீட்டு வாசலில் மாமி நின்றுவிட்டார்.

தகரக் கூரை. அதன் மேல் மழை விழுகிற சத்தம் நெருங்கும்போதே காதை அறைந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் மாமி என்று கூப்பிட்டாள். மாமியின் கால் படியில் இருந்தது, ஆனால் நகரவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஆணி அடிச்சது?"

"நான்தான் மாமி. புயலுக்கு அப்புறம் எல்லாத்தையும் புதுசா அடிச்சேன்."

"அப்பப் பறக்கும்." உள்ளிருந்து மறுபடி அலறல். மாமி தண்ணீர் ஒழுகும் முகத்தைத் துடைத்தார். "நீ மேல ஏறு. அந்தக் கோடியில உட்காரு. தம்பி, நீ இந்தக் கோடி. நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது."

ஏறினோம். சொன்னது சொன்னபடி. தகரம் சில்லென்று இருந்தது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன். எதிர்க்கோடியில் பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவன் காலை அகட்டி உட்கார்ந்து கந்தா, கடம்பா என்று தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கீழிருந்து மாமி கத்திக் கேட்டார், உட்கார்ந்தாயிற்றா என்று. தகரத்தைத் தட்டிக் காட்டினோம். கதவுச் சத்தம் கேட்டது. உள்ளே போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழைக்கு நடுவே, தகரத்துக்குக் கீழிருந்து மாமியின் குரல் வந்தது. பூஸ், பூஸ் என்று வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"மோந்தே, மோ ஃபீ, மோந்தே. ஏறு மகளே. கொய்யாக் காடு தாண்டியாச்சு. கல்லைப் பிடிச்சுக்க. கீழ பாக்காதே. மூச்சு வாங்கிக்க. இப்ப ஏறு."

எதிர்க்கோடியிலிருந்தவன் பதறிப்போய்க் கத்தினான்: "ஏறியாச்சு மாமி, மேலதான் இருக்கோம்."

"உன்னை யாருடா கூப்பிட்டா?" என்றது கூரை.

பிறகு மாமி இன்னும் கொஞ்சம் ஏறச் சொன்னார், இன்னும் கொஞ்சம். அந்தப் பெண் ஒரு பெரிய கூச்சலோடு எங்கோ போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பின்னால், மெல்லிசாக, கோபமாக, இன்னொரு குரல். எதிரே இருந்தவன் அழ ஆரம்பித்தான். பெண் குழந்தை என்று கீழிருந்து மாமி சொன்னார். எல்லாம் ஆனபிறகு கதவு திறந்தது. மாமி வெளியே வந்தார். தலையில் தொப்பி இல்லை. கூரை விளிம்பிலிருந்து கயிறாக இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரில் இரண்டு கையையும் நீட்டி, விரல் விரலாக, முழங்கைவரை கழுவினார். அதே தண்ணீரை ஏந்தி முகத்தையும் கழுவிக்கொண்டார்.

"இறங்கட்டுமா மாமி?" என்றேன்.

மாமி அண்ணாந்து எங்களைப் பார்த்தார்.

"மழை நிக்கட்டும்," என்றார். "தகரம் வழுக்கும்."

சொல்லிவிட்டுக் கூரைக்குக் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மழை சாயங்காலம்தான் நின்றது.